சர்ஜிக்கல் ஸ்டீல்ல நிக்கல் இல்லன்னு சொல்றது தப்பு

காது ஓட்டைய பெருசாக்குறவங்களுக்கு, 'சர்ஜிக்கல் ஸ்டீல்ல நிக்கலே கிடையாது, யாருக்கும் அலர்ஜி வராது, தைரியமா போடலாம்'னு ஒரு மெசேஜ் சுத்திட்டு இருக்கு, தயவுசெஞ்சு நம்பாதீங்க. அந்த பேர்ல பொதுவா விக்கிற 316எல் ஸ்டீல்ல 10-லருந்து 14 சதவீதம் வரைக்கும் நிக்கல் இருக்கு. அது உலோகத்துக்குள்ள இறுகி கிடக்குறதால கொஞ்சமாத்தான் வெளிய கசியும், அதனால நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா நிக்கல் அலர்ஜி இருக்குறவங்களுக்கு, அதுவும் இப்பதான் இழுத்து புண்ணா இருக்குற காதுல, அரிப்பு, வீக்கம், நீர் வடியறதுன்னு ஆரம்பிச்சிடலாம். ஐரோப்பிய யூனியன்ல குத்துன ஓட்டைக்குள்ள போடுற நகைல இருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல நிக்கல் வெளிய வரக்கூடாதுன்னு சட்டமே இருக்கு.

புதுசா இழுத்த காதுக்கு ஏஎஸ்டிஎம் எஃப்136 (உடம்புக்குள்ள வைக்கிற பொருளுக்கான தர எண்) டைட்டானியம், இல்லன்னா வழவழன்னு இருக்குற கண்ணாடி பிளக் (ஓட்டைக்குள்ள சொருகுற கட்டை மாதிரி நகை), நான் இந்த ரெண்டத்தான் சொல்வேன். அக்ரிலிக் விலை கம்மிதான், ஆனா ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவில கிருமிய கொல்ற மெஷின்) சூட்டுல கோணிக்கும், அப்புறம் எப்படி கிருமி நீக்கம் பண்றது? சிலிக்கோன், மரம், எலும்பு எல்லாம் நல்லா ஆறின காதுக்கு மட்டும் (நம்ம பாட்டிங்க கனமான தங்க பாம்படம் போட்டதும் ஆறின காதுலதான்). கடைல எந்த கிரேடு, சர்டிஃபிகேட் இருக்கான்னு கேளுங்க, சும்மா 'சர்ஜிக்கல்'னு மட்டும் சொன்னா வாங்காதீங்க.