ஐந்தே நிமிடத்தில் கழுத்தை வளைப்பவர்

ஓசூரை அடுத்த மத்திகிரிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமையில் யாராவது வந்து, "ஐந்தே நிமிடம் கொடுங்கள் தம்பி, குதிரையின் கழுத்தை நான் வளைத்துத் தருகிறேன்" என்று சொன்னால், மட்டக்குதிரையை அவிழ்த்துக்கொண்டு ஓடிவிடுங்கள். எனக்கு ஓட வழியில்லை. கேட்டவர் குதிரைக்குச் சொந்தக்காரரின் மைத்துனர்.

முதலில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார். பிறகு, பெண் பார்க்க வந்த பெரிய மாமாவைப்போலக் குதிரையைச் சுற்றி ஒரு வலம். பல்லைப் பார்க்கவில்லை, முதுகைத் தொடவில்லை, சேணம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கேட்கவில்லை. கடிவாளத்தைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, "தலை மேலேயே நிற்கிறதே?" என்றார். முன்பின் தெரியாத ஆள் வாயைப் பிடித்து ஆட்டினால் யார் தலையும் மேலேதான் நிற்கும்.

அப்புறம் கயிறு தேடும் படலம். லாயத்தில் தொங்கியதை எல்லாம் இழுத்துப் பார்த்து, கடைசியில் ஒன்றை எடுத்தார். வயிற்று வாரில் கட்டி, முன்னங்கால்களுக்கு நடுவே கொண்டுவந்து, கடிவாள வளையங்களில் நுழைத்து, முனைகளைத் தன் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். இழுத்தார். தாடை நெஞ்சோடு ஒட்டியது. "பாருங்கள், வளைந்துவிட்டது!" உடனே புகைப்படம். வெளிச்சம் சரியில்லையாம், இன்னொன்று. தொப்பை தெரிகிறதாம், இன்னொன்று. குதிரையின் பின்னங்கால்கள் எங்கோ பின்னால் இழுபடுகின்றன, முதுகு பள்ளமாகிவிட்டது, வால் சுழன்று சுழன்று அடிக்கிறது. வாலை மட்டும் படத்திலிருந்து வெட்டிவிட்டார்.

ஐயா, இது பலசாலிக் குதிரை. நாம் இழுத்தால் அதுவும் இழுக்கும். அந்தப் போட்டியில் நம் தோள்பட்டைதான் கழன்று வரும். வளைய வேண்டியது பின்பக்கத்திலிருந்து. இருபது மீட்டர் வட்டத்தில், நம் உள்பக்கக் காலால் குதிரையை முன்னே அனுப்பி, வெளிப்பக்கக் கடிவாள வாரில் அந்த வேகத்தை வாங்கி, ஒரு கணம் பிடித்து, அடுத்த கணமே விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த விட்டுக்கொடுப்புதான் பாடமே. நடை, பெருநடை, மறுபடி நடை என்று மாற்றி மாற்றிக் கேட்டால், பின்னங்கால் வயிற்றுக்குக் கீழே வரும், முதுகு எழும், கழுத்து தானாக இறங்கும், வாய் கடிவாளத்தை மெல்லத் தொடங்கும். அப்போதும் நெற்றியும் மூக்கும் செங்குத்துக் கோட்டுக்குச் சற்று முன்னால்தான் நிற்க வேண்டும். வலுக்கட்டாயமாகக் கழுத்தை மடக்குவது ஏற்கத்தக்கதல்ல என்று சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு 2010-லேயே சொல்லிவிட்டது. மைத்துனருக்கு அந்தத் தகவல் இன்னும் வந்து சேரவில்லை.

மாறாக எனக்கு வரலாறு வகுப்பு. "வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத்துக்குக் குதிரை வளர்த்த பண்ணை இருந்த ஊர் இது. இங்கே இருந்துகொண்டு இதுகூடத் தெரியவில்லையே, தம்பி?" அந்தப் பண்ணையின் வேலி ஓரத்தில் விளையாடி வளர்ந்தவனிடம் கேட்கிறார்!

இப்போது நான் கடிவாள வாரைக் கையில் எடுத்தாலே குதிரை நெஞ்சுக்குள் தலையைப் புதைத்துக்கொள்கிறது, அல்லது மொத்த உடம்பையும் என் கைமேல் போட்டுச் சாய்கிறது. மென்மை என்று நாங்கள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அவருடைய புகைப்படத்துக்குப் போய்விட்டது. அதற்குக் கீழே "பயிற்சியாளர் கை" என்று யாரோ வாழ்த்து எழுதியிருக்கிறார்கள்.

கிளம்பும்போது ஆலோசனை வேறு. "குதிரைக்குத் தெம்பு போதவில்லை, கொள்ளைக் கூட்டிப் போடுங்கள்." சவாரிக்காரனை மைதானத்தின் மறுமுனை வரை இழுத்துக்கொண்டு போகும் குதிரைக்குத் தெம்பு போதவில்லையாம்! லாயக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவரும் சாணக் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அழுவதற்குக்கூட நேரமில்லை, தண்ணீர் லாரி வந்துவிட்டது.

அதோடு விட்டாரா? காரின் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை அரை அடி இறக்கி, "உங்கள் ஓசூரில் வெயிலே தெரியாது, கொடுத்துவைத்தவர்கள்" என்கிறார். குட்டி இங்கிலாந்தாம்! இந்த ஊரைப் பற்றி இதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் ஏப்ரல் மாதத்தில் பகல் இரண்டு மணிக்கு, பேருந்து நிலையத்துக்கு எதிரே, அசையாத லாரி வரிசைக்கு நடுவில், இரு சக்கர வாகனத்தில் ஒரு முறை நின்று பார்க்கட்டும். தலைக்கவசத்தோடு.