ப்ரீகாஸ்ட் என்றாலே நிலநடுக்கத்தில் சரியுமா?

தூண், உத்தரம், சுவர் போன்ற கான்கிரீட் பாகங்களை முன்பே வார்த்து, பிறகு இணைத்துக் கட்டுவதுதான் ப்ரீகாஸ்ட். 2012 மே மாதம் இத்தாலியின் எமிலியா பகுதியில் இடிந்த தொழிற்கூடங்களைக் காட்டி, "ப்ரீகாஸ்ட் கட்டடம் எதுவும் நிலநடுக்கத்தைத் தாங்காது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அங்கே பல கூடங்களில் கூரை உத்தரம் தூணின் தலைமேல் சும்மா உட்கார்ந்திருந்தது. பிடித்து வைத்தது உராய்வு மட்டுமே. 'கனமான உத்தரம், எங்கே போகும்?' என்ற கணக்கு நில அதிர்வில் செல்லாது: எடை கூடினால் பக்கவாட்டு விசையும் கூடும்; செங்குத்து அதிர்வு தூண்மேல் விழும் அழுத்தத்தை அவ்வப்போது கணநேரம் குறைக்கும். தூண்கள் ஆளுக்கொரு பக்கம் ஆடியதும் உத்தரம் வழுக்கி விழுந்தது. கான்கிரீட் நொறுங்கி விழுந்ததல்ல பிரச்சினை.

1988 ஆர்மீனிய நிலநடுக்கத்தில் லெனினாகான் நகரில் (இன்றைய கியூம்ரி) 9 மாடி ப்ரீகாஸ்ட் சட்டகக் கட்டடங்கள் (தூணும் உத்தரமும் சேர்ந்து தாங்குபவை) ஏராளமாக இடிந்தன. அதே ஊரில் பெரிய கான்கிரீட் பலகைச் சுவர்களால் கட்டியவை நின்றன. அவையும் ப்ரீகாஸ்ட்தான்!

ஆகவே பார்க்க வேண்டியது இணைப்பை. உத்தரத்தின் துளை வழியே தூணிலிருந்து எழும் எஃகுக் கம்பி ஏறி, சுருங்காத கிரௌட் (இடைவெளியை நிரப்பும் சிமெண்ட் கலவை) நிரம்பியிருக்க வேண்டும். கம்பியைச் சுற்றித் தூண்தலையில் வளையக் கம்பிகள் நெருக்கமாக இல்லையென்றால் ஓரக் கான்கிரீட் பிளந்து கம்பி வெளியே வந்துவிடும். ஸ்லீவ் இணைப்பில் (கம்பிமுனைகளை ஒரு குழாய்க்குள் இட்டு கிரௌட்டால் பிணைப்பது) கிரௌட்டைக் கீழ்த்துளையில் செலுத்தி, மேல்துளையில் குமிழியின்றி வழியும் வரை நிறுத்தக் கூடாது. பாதி நிரம்பிய ஸ்லீவ் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.