அந்தக் கையை யார் பழுது பார்ப்பார்கள்?

அந்தக் காணொளியை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும். மேடையில் கை இல்லாத ஒரு பையன் எந்திரக் கையால் விருந்தினருக்கு ரோஜாப்பூ கொடுத்ததை நானும் பார்த்தேன். அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் உண்மை. அதைப் பற்றி என் பதிவில் நான் கேட்டது ஒன்றுதான்: அது பழுதானால் யார் சரிசெய்வார்கள்?

என் அண்ணனுக்கு வலது முழங்கைக்குக் கீழே கை இல்லை. கோவையில் தகடு அழுத்தும் பவர் பிரஸ் எந்திரத்தில் போனது. கடன் வாங்கி மயோ எலக்ட்ரிக் கை வாங்கினோம். மிச்சமிருக்கும் தசையை இறுக்கினால், தோலில் படும் எலக்ட்ரோடு அந்த மின்துடிப்பை உணர்ந்து விரல்களை மூடும். முதல் நாள் அம்மாவுக்குத் தண்ணீர் டம்ளரை எடுத்துக் கொடுத்தான். அம்மா அழுதுவிட்டாள். சித்திரை வெயிலில் வியர்த்ததும் கை தானாகத் திறந்துகொண்டது. இரண்டாம் வருடம் மோட்டார் போயிற்று. விற்றவர்களிடம் போனால், "அந்த மாடல் இப்போ வர்றதில்ல சார்." அப்புறம் பீரோவில் வைத்ததுதான். தோள்வாரால் இழுத்து இயக்கும் கொக்கியோடுதான் வேலைக்குப் போகிறான். அதன் கம்பி அறுந்தால் சைக்கிள் கடையிலேயே மாற்றிவிடுகிறார்கள்.

தொழில்நுட்பமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். 1968-இல் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலும் தொழில்நுட்பம்தான். வயலில் வெறுங்காலோடு நடப்பவரை மனதில் வைத்துச் செய்தது.

விலை போகப்போகக் குறையும் என்பீர்கள். சரி, குறையட்டும். பழுது பார்க்க யார் இருப்பார்கள்? பார்வை இழந்தவர்களுக்காகக் கண்ணுக்குள் பொருத்தும் ஆர்கஸ் 2 விழித்திரைக் கருவிக்கு அமெரிக்காவில் 2013-இல் அனுமதி கிடைத்தது. உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டார்கள். தயாரித்த செகண்ட் சைட் நிறுவனம் 2019-இல் அதைக் கைவிட்டது. கண்ணுக்குள் இருக்கும் கருவிக்கு உதிரிபாகம் தேடி அவர்கள் எங்கே போவார்கள்? செயற்கை நுண்ணறிவின் அறம் பற்றிப் பேசுபவர்கள் முதலில் இதைப் பேச வேண்டாமா? புதிய கைகள் செயற்கை நுண்ணறிவால் அவரவர் தசைத் துடிப்பைப் படித்துப் பிடியை மாற்றுகின்றன. படிக்கக் கொடுத்தது எங்கள் வீட்டு ஆட்களின் உடம்பு. விற்பவர்கள் பத்து வருடத்துக்கு உதிரிபாகம் தருவோம் என்று எழுதிக் கொடுக்கட்டும். இதைக் கேட்பது தப்பா?

'வயிற்றெரிச்சல்' என்று நேற்று என் பதிவின் கீழே எழுதிய நண்பரே, அதைப் படித்துவிட்டு நான் தூங்கவில்லை. அண்ணனும் அந்தக் காணொளியைப் பார்த்தான். எதுவும் பேசாமல் பீரோவைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்த கையை எடுத்து சார்ஜில் போட்டான். மோட்டார் போய் மூன்று வருடம் ஆகிறது.