முன் வரிசையில் யார், பின் வரிசையில் யார்

அந்தப் படத்தை எத்தனையோ பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற விழாவில் கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை உட்கார்ந்திருக்கிறார், அவரைச் சுற்றிச் சிவப்பு வட்டம், கீழே மதுரை மண்ணின் மைந்தன் என்று ஒரு வரி. நேற்று அண்ணன் ஒருவர் அந்தப் படத்தைப் பெருமையோடு போட்ட பதிவில், அமெரிக்காவில் பணம் வைத்திருப்பவர்கள்தான் முன் வரிசையில், அந்த நாடு ஒரு பேரரசு என்று இரண்டு வரி கமெண்ட் எழுதினேன். அதற்கு என்ன நடந்தது என்று பார்த்திருப்பீர்கள். வயிற்றெரிச்சல் பிடித்தவள் என்றார்கள். ஒருவர் கம்யூனிஸ்ட் என்றார், இன்னொருவர் கமலா ஹாரிஸுக்கு முட்டுக் கொடுக்கிறேன் என்றார். வருடக்கணக்காகப் பேசிப் பழகிய அண்ணன் அத்தனைக்கும் ஹார்ட் போட்டுக்கொண்டே போனார். சரி, அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன்.

சுந்தர் பிச்சை சென்னையில் வளர்ந்து, காரக்பூர் ஐஐடியில் படித்து, தன் திறமையால் மேலே வந்தவர். அதில் எனக்கும் பெருமைதான். நான் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தப் படத்தில் அவருக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்தீர்களா? அமைச்சர்களாகப் போகிறவர்கள். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் ஜுக்கர்பெர்க், அமேசானின் பெசோஸ், பிச்சை, டெஸ்லாவின் மஸ்க் எல்லோரும் முன்னால். நாட்டின் ராணுவத்தையும் கஜானாவையும் கையில் எடுக்கப் போகிறவர்கள் பின்னால். கடுங்குளிர் என்று விழாவைக் கட்டடத்துக்குள் மாற்றியதில் இடம் போதவில்லை. அப்போது யாருக்கு இடமில்லாமல் போனது? ஃப்ளோரிடா ஆளுநர் உள்பட மாநில ஆளுநர்கள் பலர் வேறொரு கூடத்தில் உட்கார்ந்து திரையில் பார்த்தார்கள். இங்கே ஆளுநர் என்றால் நம் ஊர் ராஜ்பவன் ஆளுநர் கிடையாது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர், நம் முதலமைச்சர் இடத்தில் இருப்பவர். ஃப்ளோரிடாவின் மக்கள்தொகை இரண்டு கோடிக்கு மேல். ஓட்டு வாங்கியவர் வெளியே, பணம் வைத்திருப்பவர் உள்ளே. இதைத்தான் சொன்னேன்.

தேர்தல் ஒழுங்காக நடக்கிறதே, ஆட்சி மாறுகிறதே என்று கேட்கிறார்கள். மாறுகிறது. முன் வரிசை மாறுவதில்லை. 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. கம்பெனிகளும் சங்கங்களும் தேர்தலுக்காகத் தனியாகச் செலவழித்தால் அதைத் தடுக்க முடியாது, அது பேச்சுரிமை என்றது. அதன் விளைவைப் பாருங்கள். 2024 தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு ஒரு ஆள் நேரடியாகக் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர். வேட்பாளரிடம் கொடுக்காமல் வெளியே ஓர் அமைப்பு வைத்துச் செலவழித்தால் வரம்பே இல்லை. ஈலான் மஸ்க் அப்படி 25 கோடி டாலருக்கு மேல் இறக்கினார். 25 கோடி டாலர் பேச்சுரிமை உள்ளவரும், சம்பள நாளை எண்ணிக்கொண்டிருப்பவரும் ஒரே ஜனநாயகத்தில் சமம் என்று என்னால் நம்ப முடியவில்லை. நாடு முழுவதற்குமான ஃபெடரல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-இலிருந்து அதே 7.25. நடுவில் இரண்டு கட்சியும் ஆண்டன.

கமலா தரப்பும்தானே நூறு கோடி டாலருக்கு மேல் திரட்டியது, அப்படியும் தோற்றாரே, பணம் ஜெயிக்கவில்லையே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி, அதை ஒதுக்க மாட்டேன். பணம் இருந்தாலே ஜெயித்துவிடலாம் என்று நான் சொல்லவே இல்லை. பணம் இல்லாமல் களத்தில் நிற்கவே முடியாது என்கிறேன். இரண்டு பக்கமும் கோடீஸ்வரர்கள். எந்தக் கோடீஸ்வரர் பக்கம் என்று தேர்ந்தெடுக்கிற உரிமை மட்டும்தான் மக்களுக்கு. மார்ட்டின் கிலென்ஸ், பெஞ்சமின் பேஜ் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2014-இல் 1,779 கொள்கை விவகாரங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். பணக்காரர்களும் தொழில் அமைப்புகளும் விரும்புவதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், சராசரிக் குடிமகனின் விருப்பத்துக்குத் தனியாகக் கிட்டத்தட்ட எந்தப் பலனும் இல்லை என்று கண்டார்கள். அந்த ஆய்வை மறுத்து எழுதியவர்களும் உண்டு. எனக்கு அந்த மறுப்பு போதவில்லை, ஏனென்றால் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் நியூஜெர்சியில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஆரம்பப் பள்ளிக்குப் பக்கத்தில் பெரிய கிடங்கு ஒன்று கட்ட ஒரு கம்பெனி விண்ணப்பித்தது. ராத்திரி பகல் லாரி ஓடும். திட்டக் குழுக் கூட்டத்துக்கு ஊரே போனது. கம்பெனியின் வக்கீல் வந்தார், அவர் கூட்டி வந்த போக்குவரத்து நிபுணர் வந்தார், இருவருமாகப் படம் காட்டி விளக்கியதிலேயே அன்று மாலை கழிந்தது. மக்கள் முறை வந்ததும் ஆளுக்கு மூன்று நிமிடம். மைக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு, முதலில் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு சிவப்பு. எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார், தபால் துறையில் ஓய்வு பெற்றவர். கோடு போட்ட தாளில் கையால் எழுதி வந்து படித்தார். பேரனுக்கு ஆஸ்துமா என்று சொல்லும்போதே சிவப்பு எரிந்தது. நன்றி, அடுத்தவர் என்றார் தலைவர். பாட்டி தாளை மடிக்கத் தெரியாமல் நின்றார். வக்கீலை மட்டும் குழுவினர் முதல் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அனுமதி கிடைத்துவிட்டது. கூட்டம் சட்டப்படி நடந்தது, ஒரு விதியும் மீறப்படவில்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

பிச்சை ஒரு கம்பெனி நடத்துகிறார், புது அதிபரைப் பகைத்துக்கொள்ள முடியுமா என்று அண்ணன் எழுதினார். அண்ணே, என் வாதத்தையே நீங்கள் சொல்கிறீர்கள். கூகுள் மீது அமெரிக்க அரசு போட்ட ஏகபோக வழக்கில் 2024 ஆகஸ்டில் கூகுளுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. குரோமை விற்க உத்தரவிட வேண்டும் என்று நவம்பரில் அரசுத் தரப்பு கேட்டது. பதவியேற்பு நிதிக்கு கூகுள் பத்து லட்சம் டாலர் கொடுத்திருக்கிறது. மெட்டாவும் அமேசானும் அதே தொகை. வழக்குக்கும் பணத்துக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை, போடவும் மாட்டேன். ஆனால் உலகின் மிகப் பெரிய கம்பெனிகளே புது ஆட்சியாளரின் முகம் கோணாமல் இருக்கப் பணம் வைத்து, நேரில் வந்து உட்கார வேண்டியிருக்கிறது என்றால் அதற்குப் பெயர் கப்பம். நான் கோவில்பட்டிக்காரி. கப்பம் கட்டாதவனைத் தூக்கில் போட்ட கயத்தாறு எங்களுக்குப் பக்கம். சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெருமை வேறு.

இந்தியாவில் கட்சிகளுக்குப் பெயர் சொல்லாமல் பணம் கொடுக்கும் தேர்தல் பத்திரம் இல்லையா என்றும் கேட்டார்கள். இருந்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது நானும் எழுதினேன், பழைய பதிவு இருக்கிறது.

அப்புறம், பேரரசு என்று சொன்னதற்குத்தான் அதிகத் திட்டு. அமெரிக்கா யாரை ஆள்கிறது என்கிறார்கள். போர்ட்டோ ரிக்கோவை 1898-இல் ஸ்பெயினிடமிருந்து எடுத்தார்கள். அங்கே 32 லட்சம் பேர், அமெரிக்கக் குடிமக்கள். தீவில் வாழும் வரை அதிபர் தேர்தலில் ஓட்டு இல்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் அவர்களுக்கு இருக்கும் ஒரே பிரதிநிதிக்கும் மசோதாவின் இறுதி வாக்கெடுப்பில் ஓட்டு இல்லை. தீவு கடனில் மூழ்கியதும் 2016-இல் காங்கிரஸ் சட்டம் போட்டு, யாரும் ஓட்டுப் போடாத ஏழு பேர் கொண்ட வாரியத்தை மேலே உட்கார வைத்தது. தீவின் பட்ஜெட்டில் கடைசிச் சொல் அந்த வாரியத்துடையது. இவ்வளவு ஏன், பதவியேற்பு நடந்த வாஷிங்டன் நகரத்தின் ஏறத்தாழ ஏழு லட்சம் பேருக்கே காங்கிரஸில் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர் கிடையாது.

டியாகோ கார்சியா. இந்தப் பெயரைச் சொன்னதும் நேற்று யாரும் பதில் எழுதவில்லை. இந்தியப் பெருங்கடலில், பிரிட்டன் கையில் இருக்கும் தீவு, அமெரிக்கத் தளம். தளத்துக்காக 1968-க்கும் 1973-க்கும் இடையில் அந்தத் தீவுக் கூட்டத்தில் வாழ்ந்த சாகோஸ் மக்கள் அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக்கூடக் கொன்றார்கள். பிறகு ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் அங்கிருந்து குண்டு விமானங்கள் பறந்தன. அந்தத் தீவில்தான் 2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர்கள் வந்த படகு கரை சேர்ந்தது. குழந்தைகளோடு வந்தவர்களை வேலி போட்ட இடத்தில் கூடாரத்துக்குள் மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். 2024 ஜூலையில் அங்கே நேரில் விசாரணை நடத்தப் பிரிட்டிஷ் நீதிமன்றம் கிளம்பியபோது, பாதுகாப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா தடுத்தது. டிசம்பரில்தான் அவர்களைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருந்தார்கள் என்று தீர்ப்பு வந்தது, பெரும்பாலானவர்களை பிரிட்டனுக்குக் கொண்டு போனார்கள். டிசம்பர் 2024. பதவியேற்புக்கு முந்தைய மாதம். தமிழன் தமிழன் என்கிறீர்களே, அவர்கள் யார்?

சோறு போடும் நாட்டைத் திட்டுகிறாயே, பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடு என்று எழுதியவர்களுக்கும் சொல்ல வேண்டும். யாரும் எனக்குச் சோறு போடவில்லை. வேலை பார்க்கிறேன், வரி கட்டுகிறேன். ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் எல்லாம் மாதாமாதம் பிடித்தம். ஓட்டு இல்லை, இங்கே நிரந்தரமாக இருக்க விடும் கிரீன் கார்டு எப்போது என்று தெரியாது. என் வரிசையில் 2012 வாக்கில் விண்ணப்பித்தவர்கள்தான் 2025 ஜனவரியில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஓட்டில்லாதவள் பேசக்கூடாது என்றால், பேச வேண்டியவர்கள் வேறு யார்?

அதே ஜனவரி 20 மாலைதான் அமெரிக்க மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்பதைக் குறைக்கும் டிரம்ப்பின் உத்தரவில் கையெழுத்து விழுந்தது. பிப்ரவரி 19 முதல் பிறக்கும் குழந்தைக்கு, அம்மா தற்காலிக விசாவில் இருந்து அப்பாவும் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லையென்றால் குடியுரிமை கிடையாது என்றது அந்த உத்தரவு. என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவரின் மனைவிக்கு அந்த மார்ச்சில் பிரசவம். அவன் அந்த வாரம் முழுக்க வக்கீல்களுக்கு போன் செய்துகொண்டிருந்தான். கூகுளிலும் அமேசானிலும் மெட்டாவிலும் எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் வேலை பார்க்கும் எத்தனையோ ஆயிரம் பேருக்கும் இதே கதிதான். அவர்களுடைய முதலாளிகள்தான் அன்று முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

மறுநாளே வழக்குப் போட்டது யார் தெரியுமா? 22 மாநிலங்கள். ஓட்டு வாங்கி வந்தவர்கள். அந்த வியாழக்கிழமை, ஜனவரி 23-இல், சியாட்டில் நீதிபதி தற்காலிகத் தடை கொடுத்தார். எத்தனை நாள் தாங்கும் என்று அப்போது தெரியவில்லை. அந்தத் தம்பி அதற்குப் பிறகும் நிம்மதியாகத் தூங்கவில்லை.