கடைசியாக எண்ணெய் அடித்தது எப்போது?

போன கிழமை எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. இந்தியாவிலிருந்து வருகிற வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் நஞ்சு, பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று யாரோ ஒருவர் பதறிப்போய்ப் பேசுகிறார். அதைக் கேட்ட மாமி, இனி நம்மட ஊர் மரக்கறிதான் இந்த வீட்டுக்கு என்று சொல்லிவிட்டார். அன்று பின்னேரமே எங்கள் மட்டக்களப்புப் பக்கத்துக் களுவாஞ்சிகுடிச் சந்தையிலிருந்து இரண்டு கிலோ பயற்றங்காய் வந்தது. பெரியவரிடம் எதிர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பயற்றங்காயைக் கையில் எடுத்து முறிக்கும்போது வேறொரு நாள் ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் தாய்மாமன் களுதாவளையில் தோட்டம் செய்கிறார். மணல் தரை, ஆழமில்லாத கிணறு, பயற்றை, கத்தரி, மிளகாய். கொஞ்ச நாளைக்கு முன் அங்கே போனபோது, கறிக்கு ஒரு பிடி ஆய்ந்துகொண்டு போகலாம் என்று கொடிப் பக்கம் போனேன். மாமா ஓடி வந்து தடுத்தார். "இண்டைக்கு இதில ஆயாத புள்ள. நேத்துத்தான் எண்ணெய் அடிச்ச. அங்கால ரெண்டு கொடி விட்டிருக்கன், அதில ஆஞ்சிட்டுப் போ." எண்ணெய் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது பூச்சிமருந்தை. மாமாவின் பேச்சு அன்புதான். ஆனால் மறுநாள் விடியப் போன லொறியில், அவர் எனக்குத் தர மறுத்த அதே வரிசைக் காய்கள் ஏறின.

மாமாவைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பயற்றையின் சங்கடம் தெரியாதவர்கள்தான் அவரைச் சட்டென்று குற்றம் சொல்வார்கள். பூவையும் காயையும் துளைக்கிற புழு ஒன்று இருக்கிறது. அது உள்ளே போய்விட்டால் அந்தக் காயை யாரும் வாங்கமாட்டார்கள். அதனால் பூக்கத் தொடங்கியதும் மருந்து தொடங்குகிறது. மருந்துப் போத்தலின் லேபிளில், அடித்ததற்கும் பறிப்பதற்கும் இடையில் இத்தனை நாள் விட வேண்டும் என்று எழுதியிருக்கும். மருந்தைப் பொறுத்து அது ஒரு கிழமையாகவோ இரண்டு கிழமையாகவோ கூட இருக்கலாம். பயற்றங்காயோ இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை பறித்தே ஆக வேண்டும். விட்டால் முற்றி, உள்ளே விதை வீங்கி, காய் வெளுத்துவிடும். வியாபாரி கையால் தொட்டும் பார்க்கமாட்டார். லேபிள் ஏழு நாள் பொறு என்கிறது, கொடி மூன்று நாளில் பறி என்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பவர் கடன் வாங்கித் தோட்டம் செய்கிறவர். கத்தரிக்கும் இதே கதைதான். தண்டையும் காயையும் துளைக்கிற புழு இளம் குருத்துக்குள் போய்விட்டால் மேலே அடிக்கிற மருந்து அதைத் தொடாது. தொடவில்லை என்பதால் இன்னும் அடிக்கிறார்கள்.

அப்படியென்றால் இறக்குமதியைப் பற்றிய பயம் வீணா? இல்லை. மாமியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு நாட்டில் தடை செய்த மருந்து பக்கத்து நாட்டில் ஆண்டுக்கணக்கில் புழக்கத்தில் இருக்கலாம். எண்டோசல்பானை இலங்கை 1998இல் நிறுத்திவிட்டது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது 2011இல். அதற்குள் கேரளத்தின் காசர்கோட்டில், முந்திரித் தோட்டங்களுக்கு மேலே விமானத்தில் தெளித்த அந்த மருந்தால் எத்தனையோ குடும்பங்கள் பட்ட பாட்டை உலகமே பார்த்தது. இன்னொன்று உருளைக்கிழங்கு. களஞ்சியத்தில் முளைவிடாமல் இருப்பதற்காகப் பல நாடுகளில் பயன்படுத்திய குளோர்புரோபாம் என்கிற இரசாயனத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. ஆகவே கடல் தாண்டி வருகிற சாமானைப் பற்றிக் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

இதில் பலர் தவறாக விளங்கிக்கொண்ட ஒரு விடயம் இருக்கிறது. இறக்குமதிச் சரக்கோடு வருகிற தாவரச் சுகாதாரச் சான்றிதழ், அந்தச் சரக்கில் பூச்சியோ நோயோ நம் பயிருக்குத் தொற்றிவிடாது என்பதற்கான உறுதி. மருந்து எச்சம் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்வதில்லை. அது தனிச் சோதனை, ஆய்வுகூடத்தில் செய்ய வேண்டியது. சோதித்தால் பிடிக்கலாம் என்பதற்கு 2021இல் நாமே சாட்சி. இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்ளாடொக்சின் என்கிற பூஞ்சண நஞ்சு இருந்தது அப்போது சோதனையில்தானே தெரியவந்தது?

இப்போது மறுபக்கம். நம்முடைய வல்லாரையும் பொன்னாங்காணியும் ஐரோப்பாவுக்குப் போகின்றன. அங்கே அவைதான் இறக்குமதி மரக்கறி. மருந்து எச்சத்துக்காக எல்லையில் கூடுதலாகச் சோதிக்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் இலங்கையின் இந்த இரண்டு கீரைகளையும் ஐரோப்பிய ஒன்றியம் சேர்த்தது. தனியாக அளவு குறிக்கப்படாத மருந்து என்றால் அங்கே ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பாரிசில் இருக்கிற என் மச்சாளின் தட்டுக்குப் போகிற வல்லாரைக்கு ஒரு காவல் இருக்கிறது. இங்கே பிரதான வீதியோரம் கட்டுக் கட்டாக வாங்கி அன்றைக்கே சம்பல் போடுகிற வல்லாரையை யார் பார்த்தார்கள்? என் பிள்ளைக்கு ஆறு வயது. அவளுக்கு வல்லாரைச் சம்பல் என்றால் உயிர். இந்தக் கேள்வி எனக்குக் கோபத்தையே தருகிறது.

சட்டம் இல்லாத நாடல்ல இது. பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1980இலேயே வந்துவிட்டது. மோனோகுரோட்டோபொஸ் என்கிற பூச்சிமருந்து 1995இல் தடையாகிப் போனது. பரகுவாட் முதலான கொடிய மருந்துகள் 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாகப் போயின. அந்தத் தடைகளால் எத்தனையோ உயிர்கள் தப்பின. ஆனால் 2021 மே மாதம் இரசாயனப் பசளை, மருந்து இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தி, நவம்பரில் திரும்ப விட்டார்களே, அந்த இடைவெளியில் தோட்டங்களுக்குள் நுழைந்தது லேபிளே இல்லாத போத்தல்கள். மாமாவின் பம்பு அறையில் நான் கண்ணால் பார்த்தேன். என்ன மருந்து என்று அவருக்கும் தெரியாது. "கடைக்காரத் தம்பிட்ட கேட்டன், நல்லம் என்டான்" என்றார், அவ்வளவுதான். லேபிள் இல்லாத போத்தலுக்கு எத்தனை நாள் பொறுப்பது?

கழுவினால் போய்விடும் என்று ஆறுதல் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓடுகிற தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுவது நல்லது, தோலைச் சீவுவது இன்னும் நல்லது. மேலே ஒட்டியிருப்பது ஓரளவு போகும். ஆனால் செடிக்குள்ளேயே ஊடுருவிப் பரவுகிற மருந்து வகை உண்டு, இமிடாகுளோபிரிட் மாதிரி. அதை உப்புத் தண்ணியும் மஞ்சளும் வெளியே எடுக்காது. நான் வீட்டில் செய்வது, கிழமைக்கு இரண்டு மூன்று நாளாவது முருங்கையிலை, பூசணி, மரவள்ளி, வாழைக்காய் என்று மருந்தை அதிகம் கேட்காத பக்கம் போவது. இது என் வீட்டுக்குச் சரி. ஊருக்கு இது பதில் ஆகாது.

ஊருக்கு வேண்டியது, கிழக்கிலேயே மரக்கறியில் மருந்து எச்சம் பார்க்கிற ஒரு ஏற்பாடு. லொறி ஏறுமுன் அங்கொன்று இங்கொன்றாக எடுத்துப் பார்த்தாலே போதும், பார்ப்பார்கள் என்ற எண்ணமே கையைப் பிடிக்கும். விவசாயத் திணைக்களத்திடம் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. எப்போது என்ன அடித்தது, எப்போது பறித்தது என்று தோட்டக்காரர் பதிவு வைக்க வேண்டும். களுதாவளையிலும் தேற்றாத்தீவிலும் அதை வீடு வீடாகக் கொண்டு போகட்டும். ஆனால் காத்திருப்பதால் முற்றிப்போகிற காய்க்கு யார் காசு கொடுப்பது என்பதைப் பேசாமல் தோட்டக்காரருக்குப் புத்தி மட்டும் சொல்லக் கூடாது. அந்த நட்டத்தில் பங்கு வாங்குபவர்களாகிய எங்களுக்கும் இருக்கிறது.

அதனால் மாமாவிடம் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். வருகிற போகத்தில் நான்கு வரிசைப் பயற்றை. புழு கண்டால் பறிக்கக்கூடிய காயையெல்லாம் முதலில் பறித்துவிட்டு, லேபிள் உள்ள மருந்தை மட்டும் அடித்து, அதில் சொன்ன நாள் முடியும் வரை கை வைக்கக் கூடாது. அடித்த தேதியைப் பம்பு அறைச் சுவரில் எழுத வேண்டும். இடையில் முற்றுகிற காயின் விலையையும் சேர்த்து நான் தருகிறேன். மாமா முதலில் சிரித்தார், அப்புறம் "ஆறு குடும்பம் சேர்ந்தா செய்யலாம்" என்றார். மாமியும் நானும் ஒன்று, பக்கத்து வீட்டு ரீச்சர் இரண்டு. இன்னும் நான்கு குடும்பம் வேண்டும். களுவாஞ்சிகுடி, செட்டிபாளையம் பக்கம் இருப்பவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், ஞாயிறு காலை தோட்டத்துக்குப் போகிறேன்.