காலி ஷாம்பு பாக்கெட்டுக்கு யார் விலை கொடுப்பது?

எங்கள் தெருவுக்குக் குப்பை வாங்க வரும் அக்கா வண்டியிலேயே தரம் பிரித்துவிடுவார். பால் கவர், அட்டை, தண்ணீர் பாட்டில் என்று தனித்தனிச் சாக்கு. காயலான் கடையில் அதற்கெல்லாம் காசு உண்டு. மூலை கிழிந்த ஷாம்பு பாக்கெட்டையும் சிப்ஸ் கவரையும் மட்டும் அப்படியே ஒதுக்கிவிடுவார். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றாக ஒட்டிய அந்த உறையை எளிதில் பிரித்தெடுக்க முடியாது, அதனால் வாங்குவார் இல்லை.

அப்படி ஓர் உறையைத் தேர்ந்தெடுத்தது கம்பெனிதானே? 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளை இரண்டே வருடத்தில் ஒழிக்கச் சொன்னன. 2018-ல் அதைத் திருத்தி, எரித்து ஆற்றல் எடுக்க முடிந்தால்கூடப் போதும் என்று தளர்த்திவிட்டார்கள். எரியாத பிளாஸ்டிக் எங்கே இருக்கிறது? இப்போது அந்தக் கவர்கள் அரியலூர் பக்கம் சிமெண்ட் சூளைக்குப் போகின்றன. அதைப் பொறுக்கி மூட்டை கட்டுவது நம் வரிப்பணத்தில் குறைந்த சம்பளம் வாங்கும் தூய்மைப் பணியாளர்கள்.

2022-ல் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதல்படி, இவ்வளவு பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆனது என்று மறுசுழற்சி நிறுவனங்களிடம் சான்றிதழ் வாங்கிக் கம்பெனிகள் கணக்குக் காட்டலாம். அடுத்த வருடமே சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டுபிடித்தது. படித்தபோது வயிறு எரிந்தது. காகிதத்தில் பொறுப்பு முடிந்துவிட்டது, பாக்கெட் சாக்கடையிலேயே கிடக்கிறது.

நீலகிரியைப் பாருங்கள். காட்டில் உடைந்த மது பாட்டில்கள் விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்று உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதம் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. கடை ஊழியர்களுக்கு வேலைச்சுமை கூடியது உண்மை, அதையும் சரி செய்ய வேண்டும். ஆனால் காலி பாட்டிலுக்கு ஒரு விலை வந்தது.

சாஷே எனும் இந்தச் சின்னப் பாக்கெட்டுக்கும் அதே வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கம்பெனி பணம் கட்டட்டும், அது காயலான் கடை வழியாகப் பொறுக்குபவர் கைக்குப் போகட்டும்.

ஏழைகள் வாங்கும் பொருள் விலையேறும் என்பார்கள். ஷாம்புவைச் சாஷேவில் அடைத்து சாதாரண வீடுகளுக்குக் கொண்டுபோனதில் நம் கடலூர் சின்னிகிருஷ்ணனுக்குப் பெரிய பங்கு உண்டு, எனக்கு அதில் பெருமைதான். சாஷே இருக்கட்டும். ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் உறை செய்தால் கம்பெனிக்குக் கட்டணம் குறைவு, ஒட்டு உறை என்றால் பல மடங்கு என்று வையுங்கள். எதில் அடைப்பது என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.