தீபாவளிக்கு வீட்டிலேயே கார்பெட் துவைக்கப் போகிறவர்களுக்கு

தீபாவளி நெருங்க நெருங்க மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் எந்தத் தாமானுக்குள், அதாவது வீடமைப்புப் பகுதிக்குள், போனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே காட்சிதான். வீட்டுக்கு வீடு போர்ச்சில் கார்பெட் விரித்துக் கிடக்கும். ஒருவர் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடிப்பார், இன்னொருவர் சோப்புத்தூளைக் கொட்டி ஈர்க்குமாறால் தேய்ப்பார், பிள்ளைகள் மேலே ஏறி மிதிப்பார்கள். மத்தியானத்துக்குள் கார்பெட் வேலியில் ஏறிவிடும். மூன்று, நான்கு மணிக்கு வானம் இருட்டும், மழை பிடிக்கும். அவசர அவசரமாக இழுத்து உள்ளே கொண்டுபோய் ஹாலில் விரித்துக் காற்றாடியைப் போட்டுவிடுவார்கள்.

அந்தக் கடைசி வேலையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எங்கள் கம்பத்தில் ஒரு டோபிக் கடையில், அதாவது கிராமத்துச் சலவைக் கடையில், வேலை பார்க்கிறேன். அதனால் பிழைப்புக்காகப் பேசுகிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். பரவாயில்லை. டோபிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன், அனுப்பினால் எங்களை என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். என் கருத்து ஒன்றுதான். அன்றைக்கே முழுசாகக் காயவைக்க வழி இல்லையென்றால் கார்பெட்டை நனைக்கவே கூடாது. நம் சீதோஷ்ணத்தில் அழுக்குக் கார்பெட்டைவிட ஈரக் கார்பெட்தான் ஆபத்து.

கார்பெட்டை ஒரு தடித்த துணி என்று நினைப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கடையில் விற்கும் பலவகைக் கார்பெட்டுகளில் மேலே நாம் பார்க்கும் இழை ஒரு பின்துணியில் குத்தி வைக்கப்பட்டிருக்கும். அந்த இழை கழன்று வராமல் இருக்க அடியில் ரப்பர் பசை பூசி, அதன் மேல் இன்னொரு துணியை ஒட்டியிருப்பார்கள். அந்தத் துணி சில கார்பெட்டில் சணல், சிலவற்றில் பிளாஸ்டிக் நெசவு. பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு ரப்பர் பழையதானால் எப்படிப் பொடிந்து போகும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரை அடித்து ஊறவைத்து, கல் மாதிரி கனக்கும் அந்தக் கார்பெட்டை வேலியில் மடித்துப் போட்டால், மடிப்பு விழும் இடத்தில் அந்தப் பசை விரிசல் விடும். எங்கள் கடைக்கு வருவதில் பலவற்றைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பின்பக்கம் நடுவில் ஒரு கோடு ஓடும். விரலால் தேய்த்தால் வெள்ளையாக மாவு உதிரும். அடித்துணி இரண்டு விரலுக்கு உப்பி நிற்கும். அதை எந்த டோபியும் பழையபடி ஆக்க முடியாது.

சணல் அடித்துணி இருந்தால் இன்னொரு தொல்லை. மெதுவாகக் காயும்போது சணலில் இருக்கும் பழுப்பு நிறம் தண்ணீரோடு மேலே ஏறி வந்து இழையின் நுனியில் தங்கிவிடும். துவைக்கும் முன்பு இல்லாத கறை துவைத்த பிறகு வந்திருக்கிறதே என்று ஆட்கள் வந்து கேட்பார்கள். அடியில் தங்கிய பழைய கறையும் இதே வழியில்தான் திரும்பி வருகிறது. மேலே சுத்தமாகத் தெரியும், இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் அதே கறை.

சரி, ஏன் காய்வதில்லை? நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். அதிலும் தீபாவளி வருவது அக்டோபர், நவம்பரில். மேற்குக் கரையில் வருஷத்திலேயே அதிகமாக மழை கொட்டும் மாதங்கள் அவை. காலையில் வெயில் காய்ந்தாலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு மழை. ஆக, வருஷத்தில் கார்பெட் காய்வதற்கு மிக மோசமான நேரத்தைப் பார்த்துத்தான் நாம் எல்லோரும் கார்பெட்டை நனைக்கிறோம். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. நம் ஊரில் மேல் இழை காய்ந்து கைக்கு உலர்ந்த மாதிரி இருக்கும்போதும் அடித்துணி ஈரமாகவே இருக்கும். தரையில் டைல்ஸ் இருந்தால் அந்த ஈரம் கீழேயும் போக முடியாது.

அந்தக் கார்பெட்டின் மேல்தான் தீபாவளிக்கு வரும் சொந்தக்காரர்களை உட்காரவைக்கிறோம். கைக்குழந்தையைக் குப்புறப் போடுகிறோம். ராத்திரி இடம் போதாமல் பிள்ளைகள் அதன் மேலேயே படுத்துத் தூங்குகிறார்கள்.

தூசிப்பேன் என்று ஒன்று இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பில் இருந்து உதிரும் தோல்தான் அதற்குச் சாப்பாடு. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சித்தான் உயிர் வாழ்கிறது. காற்று உலர்ந்து ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அதற்குப் பிழைப்பு இல்லை. நம் வீட்டில் அந்த நிலை வருவதே அபூர்வம், இதில் நாமே அதன் படுக்கையை நனைத்துக் கொடுக்கிறோம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பைக் கிளப்புவதில் இந்தத் தூசிப்பேனின் கழிவுக்குப் பெரிய பங்கு உண்டு. பூஞ்சணமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். தீபாவளி முடிந்த கையோடு பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை என்று கிளினிக்குக்கு அலையும் தாய்மார்கள் பட்டாசுப் புகையை மட்டும் குறை சொல்கிறார்கள். புகையும் காரணம்தான். ஹாலில் விரித்திருப்பதையும் ஒரு முறை தூக்கி அடியில் முகர்ந்து பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அடுத்தது இதைவிடப் பயம் தருவது. ப்ளீச்.

கார்பெட்டில் குழந்தை மூத்திரம் போயிருக்கும், இல்லாவிட்டால் பூனை போயிருக்கும். வாடை போகவில்லை என்று ப்ளீச்சை ஊற்றுகிறார்கள். மூத்திரம் பழசாகும்போது அதில் அமோனியா உண்டாகும். அமோனியாவும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு வரும். கண் எரியும், தொண்டை அடைக்கும், மூச்சு முட்டும். வேறு சிலர் சின்னக் கார்பெட்டைக் குளியலறைக்குள் எடுத்துப்போய், கதவைச் சாத்திக்கொண்டு, ப்ளீச்சோடு கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தையும் கலந்து தேய்க்கிறார்கள். இரண்டும் சுத்தம் செய்யும் பொருள், சேர்ந்தால் இன்னும் நன்றாகப் போகும் என்ற எண்ணம். அப்படிக் கலந்தால் வருவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில், 1915ஆம் ஆண்டு பெல்ஜியத்தில், ஜெர்மன் படை எதிரிகளை நோக்கித் திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். ப்ளீச்சோடு வினிகரைச் சேர்த்தாலும் இதே கதைதான். நம் தாமான் வீட்டுக் குளியலறையின் அளவையும் அதன் குட்டி ஜன்னலையும் நினைத்துப் பாருங்கள். உள்ளே உட்கார்ந்து தேய்ப்பது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் வயதான அம்மாக்கள். இதை எழுதும்போதே எனக்கு மனம் பதறுகிறது.

தப்பித் தவறிக் கலந்துவிட்டால், நெடி ஏறிய உடனே எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவி முடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே நிற்காதீர்கள். மூச்சு விடச் சிரமமாக இருந்தால் 999. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. இந்த மாதிரி விஷயங்களுக்கு ஆலோசனை சொல்லவே இருக்கும் இடம் அது. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கார்பெட்டுக்கு ப்ளீச் என்ன செய்யும் என்று கேட்டால், சாயத்தைத் தின்றுவிடும். கம்பளி, பட்டு இரண்டும் நம் தலைமுடி மாதிரி புரதம், ப்ளீச்சில் அவை கரைந்தே போகும். இந்தியாவுக்குப் போனபோது ஆசையாக வாங்கி வந்த காஷ்மீர் கம்பளியில் யாராவது ப்ளீச் ஊற்றினால் எனக்கு அழுகைதான் வரும். பட்டு மாதிரி பளபளக்கிறதே என்று வாங்கியது விஸ்கோஸாக, அதாவது மரக்கூழில் செய்த செயற்கைப் பட்டாக, இருந்தால் வெறும் தண்ணீரே அதற்கு எதிரி. நனைந்தால் அந்த இழை பாதிப் பலத்தை இழந்துவிடும், அந்த நேரத்தில் ஈர்க்குமாறால் தேய்த்தால் இழை பிய்ந்து, காய்ந்த பிறகு மஞ்சளாக முரடு தட்டிப் போகும். பின்பக்கம் தைத்திருக்கும் சின்னச் சீட்டில் என்ன இழை என்று எழுதியிருக்கும். துவைக்கத் தூக்கும் முன்பு அதைப் படியுங்கள். பாலிப்ராப்பிலீன் என்று இருந்தால் ஓரளவு தைரியமாக இருக்கலாம், அது தண்ணீரை உறிஞ்சாத இழை. ஆனால் அதற்கும் அடித்துணியும் பசையும் உண்டு.

நம் வீட்டுக் கறைகளில் தனியாகச் சொல்ல வேண்டியது மஞ்சள். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டதும் குப்பென்று சிவக்கும், பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை செய்யும் வேலை அது. சோப்புத்தூளுக்கும் காரம் அதிகம். கார்பெட்டில் கோழிக் குழம்பு சிந்தியதும் சோப்புத்தூளைப் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் கறை செந்நிறமாக மாறும், பதறிப்போய் இன்னும் தேய்ப்பார்கள், அது இழையின் அடிவரைக்கும் இறங்கும். குழம்பு சிந்தினால் முதலில் கரண்டியால் வழித்து எடுங்கள். வெள்ளைத் துணியை வைத்து ஒற்றுங்கள், ஓரத்தில் இருந்து நடுவுக்கு. காரம் இல்லாத சோப்புத் தண்ணீரைத் துளியாக எடுத்து மறுபடி ஒற்றுங்கள். மிச்சம் இருக்கும் மஞ்சளை வெயில் எடுத்துவிடும், மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கக்கூடியது. ரத்தம், பால், முட்டை என்றால் வெந்நீர் கூடவே கூடாது. வெந்நீர் பட்டால் அந்தக் கறை வெந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும்.

சமூக ஊடகக் காணொளிகளைப் பார்த்துவிட்டு சோடா உப்பையும் வினிகரையும் கொட்டுகிறவர்கள் இப்போது அதிகம். நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்கு கிளம்புகிறது என்று நினைக்கிறார்கள். ஒன்று காரம், ஒன்று அமிலம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கரியமில வாயு கிளம்புகிறது, மிஞ்சுவது உப்புத் தண்ணீர். சோப்பை அதிகமாகப் போடுவதும் இப்படித்தான் வீண். அலசினாலும் முழுசாகப் போகாத சோப்பு பிசுபிசுவென்று தங்கி, அடுத்த வாரமே தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துவைத்த பிறகு முன்பைவிட வேகமாக அழுக்காகிறதே என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இதுதான். அந்தக் காணொளிகளில் கறுப்புத் தண்ணீர் ஓடுவதை அழகாகக் காட்டுகிறார்கள். அந்தக் கார்பெட் எப்படி, எத்தனை நாளில் காய்ந்தது என்று நான் பார்த்த ஒன்றில்கூடக் காட்டவில்லை.

சாதாரண வேக்கும் கிளீனரால் ஈரத்தை உறிஞ்ச நினைக்காதீர்கள், மோட்டார் போவது மட்டுமல்ல, மின்சாரமும் தாக்கலாம். ஈரக் கார்பெட்டைத் தனியாளாகத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்களையும், சோப்புத் தண்ணீரில் போர்ச்சில் வழுக்கியவர்களையும் உங்கள் தெருவிலேயே தெரிந்திருக்கும்.

அப்படியென்றால் வீட்டில் என்னதான் செய்வது? வாரம் ஒரு முறை காய்ந்த நிலையில் இரண்டு பக்கமும் வேக்கும் பிடியுங்கள். வெயில் அடிக்கும் காலையில் வெளியே போட்டுத் தட்டி, மேகம் கூடும் முன்பு எடுத்துவிடுங்கள். கறை விழுந்தால் அந்த இடத்தை மட்டும் பாருங்கள். எந்தத் திரவம் போடுவதானாலும் சோபாவுக்கு அடியில் மறையும் மூலையில் வெள்ளைத் துணியில் தொட்டு அழுத்திப் பாருங்கள், துணியில் சாயம் ஏறினால் அதோடு நிறுத்திவிடுங்கள். இவ்வளவு செய்தாலே நனைத்துத் துவைக்கும் தேவை வெகுவாகக் குறையும்.

வீட்டில் இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால் கார்பெட்டே வேண்டாம் என்பேன். தோட்டத்து லயத்தில் இருந்தபோது சிமெண்டுத் தரையில் பாய் விரித்துத்தான் எல்லா விசேஷமும் நடந்தது. பாயை உதறலாம், துடைக்கலாம், அரை மணி வெயிலில் காய்ந்துவிடும். தாமான் வீட்டுக்கு வந்ததும் கார்பெட் இல்லாத ஹால் குறையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. விருந்தாளிகள் யாரும் அதற்காக முகம் சுளிப்பதில்லை.

டோபிக்கு அனுப்புகிறவர்களும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பாதீர்கள். சதுர அடிக்கு எவ்வளவு வெள்ளி என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். எங்கே காயவைப்பீர்கள், மழை பெய்தால் என்ன செய்வீர்கள், தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் இயந்திரம் இருக்கிறதா, சாயம் போகுமா என்று முதலில் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். கார் கழுவும் வேகத்தில் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டு வெளியே தொங்கவிடும் இடமானால் நீங்கள் வீட்டில் செய்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. திரும்பி வந்ததும் வாங்கி வைத்துவிடாமல் பின்பக்கம் உள்ளங்கையை அழுத்தி வையுங்கள். ஜில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை, அங்கேயே திருப்பிக் கொடுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் எல்லாக் கடையிலும் கார்பெட் மலையாகக் குவிந்து கிடக்கும், அப்போது யாராலும் நிதானமாகக் காயவைக்க முடியாது. கொடுப்பதானால் ஒரு மாதம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். அந்த நேரம் தவறிவிட்டால் தட்டி, வேக்கும் பிடித்து, அப்படியே விரியுங்கள். துவைப்பதைப் பிப்ரவரி வெயிலில் பார்த்துக்கொள்ளலாம்.